வாசல்வரை வந்த கிரேக்கர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழங்காலக் கிரேக்கர்கள் யூத மதத்துக்கு மாறினார்களா என்பதுதான் இன்றைய பேச்சு. 1976-இல் துருக்கியின் தென்மேற்கில் உள்ள அஃப்ரோடிசியாஸ் என்ற பழைய கிரேக்க நகரில் அருங்காட்சியகம் கட்ட அடித்தளம் தோண்டினார்கள். ஆளைவிட உயரமான கல்தூண் ஒன்று வெளியே வந்தது. இரண்டு பக்கமும் நிறையப் பெயர்கள். அந்த ஊர் யூதர்கள் ஏதோ பொதுக் காரியத்துக்குப் பணம் திரட்டி, கொடுத்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். உபயதாரர் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கி.பி. 4 அல்லது 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று இப்போது பலரும் கணிக்கிறார்கள்.

பட்டியலில் மூன்று வகையினர். பிறப்பால் யூதர்கள் ஒரு வகை. மதம் மாறி யூதர் ஆனவர்கள் இன்னொரு வகை. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு இவர்களை ‘யூதமார்க்கத்தமைந்தவர்கள்’ என்கிறது. மூன்றாவது வகை, ‘கடவுளுக்கு அஞ்சுவோர்’: யூதரின் கடவுளை வணங்கியும் யூதர் ஆகாத கிரேக்கர்கள். மாறியவர்கள் மூன்றே பேர். அஞ்சுவோர் ஐம்பதுக்கு மேல், அவர்களில் ஒன்பது பேர் நகர மன்ற உறுப்பினர்கள்.

மாறிய மூவரில் ஒருவர் யோசேப்பு, யூசீபியஸின் மகன். அப்பாவுக்குக் கிரேக்கப் பெயர், மகனுக்கு எபிரேயப் பெயர். ஒரு குடும்பத்தின் கதை முழுக்க அந்த ஒரே வரியில் இருக்கிறது.

கிரேக்கர்கள் ஒரு காலத்தில் திரளாக யூதம் தழுவினார்களா, தழுவியிருக்க முடியுமா என்று என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். திரளாகத்தான் மாறினார்கள் என்று சொன்ன அறிஞர்கள் உண்டு. முதல் நூற்றாண்டில் உலகில் 80 லட்சம் யூதர்கள் இருந்திருக்கலாம் என்று சேலோ பாரன் என்ற வரலாற்றாசிரியர் கணக்கிட்டார். பிள்ளைப்பேற்றால் மட்டும் அத்தனை பேர் பெருகியிருக்க முடியாது, ஆகவே மதமாற்றம் நடந்திருக்க வேண்டும் என்று வாதம் போனது. ஆனால் அந்தக் கணக்குக்கு முக்கிய ஆதாரமே 13-ஆம் நூற்றாண்டின் சிரியாக் மொழி எழுத்தாளர் பார் எப்ராயா தரும் ஓர் எண்தான். கிளாடியஸ் பேரரசர் ரோமக் குடிமக்களை எண்ணிய கணக்கை அவர் யூதர் கணக்காக எழுதிவிட்டார் என்றே தோன்றுகிறது. நான் அந்த எண்ணை நம்புவதில்லை.

ஈர்ப்பு இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே எகிப்தின் அலெக்சாந்திரியாவில் யூத வேதம் கிரேக்கத்துக்கு வந்துவிட்டது. அந்த மொழிபெயர்ப்பைக் கொண்டாட ஆண்டுதோறும் ஃபாரோஸ் தீவில் விழா நடந்ததாகவும், யூதரல்லாதவர்களும் படகேறிப் போனதாகவும் அந்நகரின் யூதத் தத்துவ அறிஞர் ஃபிலோ எழுதுகிறார். இன்றைய துருக்கியில் இருந்த அக்மோனியா என்ற ஊரில் யூதரின் வழிபாட்டிடமான ஜெப ஆலயத்தைக் கட்டிக்கொடுத்தவள் ஜூலியா செவெரா, ரோமப் பேரரசரைத் தெய்வமாக வணங்கும் வழிபாட்டின் பூசாரி! ஆச்சரியம்தான், ஆனால் அக்காலத்தவருக்கு ஒரு கடவுளோடு இன்னொரு கடவுளைச் சேர்த்துக்கொள்வதில் சங்கடம் கிடையாது.

சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. சுன்னத்து. உடற்பயிற்சிக் கூடத்திலும் குளியல் மண்டபத்திலும் நிர்வாணமாக நிற்பவன் கிரேக்கன். அவன் கண்ணுக்கு அது அங்கச் சிதைவு. மயக்க மருந்தில்லாத காலத்தில் முப்பது வயது ஆண் கத்திக்கு உட்கார வேண்டும் என்பதையும் யோசியுங்கள். மெசொப்பொத்தேமியாவின் வடக்கே இருந்த அதியபேனே நாட்டு அரசர் இசாத்தேஸ் கதையை முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் சொல்கிறார். அவர் கிரேக்கர் அல்ல, ஆனால் சிக்கல் இதேதான். அவருக்குப் போதித்த யூத வணிகர் அனனியா, “சுன்னத்து இல்லாமலே கடவுளை வணங்கலாம்” என்றார். அப்புறம் கலிலேயாவிலிருந்து எலயாசர் வந்தார். இசாத்தேஸ் மோசேயின் சட்டத்தைப் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, படித்தால் போதுமா, அதில் சொன்னதைச் செய்ய வேண்டாமா என்று கேட்டார். இசாத்தேஸ் மருத்துவரை அழைத்துவிட்டார்.

பெண்களுக்கு அந்தத் தடை இல்லை. கி.பி. 66-இல் டமாஸ்கஸ் ஆண்கள் ஊர் யூதர்களைக் கொல்லத் திட்டமிட்டபோது, முதலில் மனைவிமாருக்குத் தெரியாமல் மறைத்தார்களாம், ஏனென்றால் அநேகமாக எல்லாப் பெண்களும் யூத வழிபாட்டில் ஈடுபாடு கொண்டிருந்தார்கள். இதைச் சொல்பவரும் ஜோசிஃபஸ்தான். எண்ணிக்கை விஷயத்தில் கொஞ்சம் தாராளமான மனிதர், ஆனாலும் இது வெறும் கற்பனையாகப் படவில்லை.

என் கணிப்பு இது. கிரேக்கர்கள் திரளாகத்தான் வந்தார்கள், வாசல்வரை. உள்ளே போனவர்கள் சிலர். மதம் மாறுவது என்றால் வேறொரு மக்கள் கூட்டத்தில் பிறந்தவன் போல ஆவது. குலதெய்வம், ஊர்த்திருவிழா, பந்தி எல்லாம் போய்விடும். யூதரின் ஓய்வுநாளான சாபத் அன்று விளக்கேற்றி, பன்றி இறைச்சியை விட்டு, காணிக்கை கொடுத்தால் போதும் என்றால் ஏன் மேலே போகவேண்டும்? ஜெப ஆலயங்களும் அவர்களை அப்படியே ஏற்றுக்கொண்டன. கிறிஸ்தவத்தைப் பரப்பிய பவுல் போன்றவர்கள் வந்து, சுன்னத்து வேண்டாம், முழு உரிமை உண்டு என்றபோது காது கொடுத்தவர்களில் இந்த வாசல்காரர்களும் இருந்தார்கள். ரோமச் சட்டமும் இறுகியது. 2-ஆம் நூற்றாண்டுப் பேரரசர் அந்தோனினஸ் பயஸ் காலத்திலேயே யூதர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் சுன்னத்து செய்யலாம் என்றாகிவிட்டது.

இருந்தும் வாசல் காலியாகவில்லை. கி.பி. 386-இல் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற குருவானவர் தன் கிறிஸ்தவர்களைத் திட்டித்தீர்க்கிறார், யூதப் புத்தாண்டான எக்காளத் திருநாளுக்கு ஏன் ஜெப ஆலயம் போகிறீர்கள் என்று. ஒரு சம்பவமும் சொல்கிறார். ஒரு கிறிஸ்தவன் கொடுக்கல் வாங்கல் தகராறில் ஒரு பெண்ணை யூதரின் ஜெப ஆலயத்துக்கு இழுத்துப்போனான், அங்கே வைத்துச் சத்தியம் செய்யவைக்க. தேவாலயம் இருக்க இங்கே எதற்கு என்று குரு மடக்கிக் கேட்டார். அங்கே செய்யும் சத்தியம்தான் பயங்கரமானது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்றான் அவன்.