ஐந்தாம் எண் இல்லாத அட்டவணை

நேயர்களுக்கு வணக்கம்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி 12.30 மணிக்கு, ஐரோப்பிய நகரம் ஒன்றின் அரங்கில் ஒரு பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று தொடங்கும். அங்கே அப்போது சனிக்கிழமை இரவு 9 மணிதான். ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழித்து, நம் தெருக்களில் பால்காரர் வரும் வேளையில், வெற்றி பெற்றவரை மேடையேற்றி அதே பாட்டை மறுபடியும் பாடவைத்து நிகழ்ச்சியை முடிப்பார்கள். யூரோவிஷன் எனப்படும் இந்தப் போட்டியைப் பல நாடுகளில் வீட்டுக்கு வீடு பார்க்கிறார்கள். அவர்களுள் ஒரு சிலர் மட்டும் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே மடிக்கணினியில் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளைத் திருத்தும் தொகுப்புப் பெட்டியையும் திறந்து வைத்திருப்பார்கள். சம்பளமோ பெயரோ கிடைக்காத அந்த வேலையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். நானும் தமிழ் விக்கிப்பீடியாவில் சில ஆண்டுகளாக எழுதி வருபவன் என்பதால், பார்த்ததையும் செய்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

போட்டியைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தைச் சேர்ந்த நாடுகளின் வானொலி, தொலைக்காட்சி நிறுவனங்கள் நாட்டுக்கு ஒரு பாட்டை அனுப்புகின்றன. மூன்று நிமிடத்துக்கு மேல் பாட்டு நீளக் கூடாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. 1956ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளுடன் தொடங்கியது. 1974இல் பிரைட்டனில் ஸ்வீடனின் அப்பா குழு வென்றதும், 1988இல் கனடா நாட்டுப் பாடகி செலின் டியோன் சுவிட்சர்லாந்தின் சார்பில் பாடி வென்றதும் உலகறிந்த செய்திகள்.

இவ்வளவு பெரிய நிகழ்ச்சியை ஒரு கலைக்களஞ்சியத்தில் எப்படி அடக்குவது? ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கென்றே ஒரு தனித் திட்டம் இயங்குகிறது. ஒவ்வோர் ஆண்டின் போட்டிக்கும் ஒரு கட்டுரை, பங்கேற்ற ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கட்டுரை, இந்த நாடு இந்த ஆண்டில் என்ன செய்தது என்பதற்கு இன்னொரு கட்டுரை, அதன் பிறகு பாடகர்களுக்கும் பாட்டுகளுக்கும் தனித்தனிக் கட்டுரைகள் என்று அது ஆலமரம் போல் விழுது விட்டிருக்கிறது. நடக்காத போட்டிக்கும் அங்கே கட்டுரை உண்டு. 2020ஆம் ஆண்டுப் போட்டி பெருந்தொற்றின் காரணமாக ரத்தானபோது 41 பாட்டுகள் ஏற்கெனவே தேர்வாகியிருந்தன; அந்தப் பாட்டுகளின் பட்டியல் இருக்கிறது, யாருக்கும் புள்ளிகள் இல்லை.

இந்தக் கட்டுரைகளின் முதுகெலும்பு அட்டவணைதான். 2016 முதல் ஒவ்வொரு நாடும் இரண்டு முறை புள்ளிகள் வழங்குகிறது: நடுவர் குழு ஒருமுறை, தொலைபேசி வழியாக வாக்களிக்கும் மக்கள் ஒருமுறை. பிடித்த பாட்டுக்கு 12, அடுத்ததற்கு 10, அதன் பிறகு 8 தொடங்கி 1 வரை. கூட்டிப் பார்த்தால் ஒரு குழு வழங்குவது 58 புள்ளிகள். லிவர்பூலில் நடந்த 2023ஆம் ஆண்டு இறுதிச் சுற்றில் 37 நாடுகளின் நடுவர்கள் வழங்கியவை 2,146 புள்ளிகள். மக்கள் வாக்கில் 'உலகின் பிற பகுதிகள்' என்ற புதுப் பிரிவும் சேர்ந்துகொண்டதால் அங்கே 38 தொகுதிகள், 2,204 புள்ளிகள். ஆக மொத்தம் 4,350. விடியற்காலையில் யாரோ ஒருவர் கண் எரிய எரிய இந்த எண்களைக் கட்டம் கட்டமாக நிரப்பியபின், இன்னொருவர் நிரைகளைக் கூட்டி 4,350 வருகிறதா என்று பார்க்கிறார். வராவிட்டால் எங்கோ ஒரு 7 ஆனது 1 ஆகியிருக்கிறது என்று பொருள். அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாமவர் ஒருவர் அதே அட்டவணையில் கை வைத்துத் தொகுப்பு முரண்பாடு என்ற எச்சரிக்கையை வரவழைப்பதும், கட்டங்களைப் பிரிக்கும் குறியான ஒற்றைச் செங்குத்துக் கோட்டைத் தவறி அழித்து அட்டவணை முழுவதையும் குடைசாய்ப்பதும் வாடிக்கை. மளிகைக் கடைக் கணக்குப் பிள்ளையின் வேலைக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் ரசிகர்கள். அதுதான் இந்தக் கட்டுரைகளின் பலம். தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. ரசிகருக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். எந்த நாடு திரும்பி வரப்போகிறது, யார் பாடப்போகிறார், எந்த நகரம் நடத்தப்போகிறது என்றெல்லாம் மாதக்கணக்கில் கிசுகிசு உலவும். விக்கிப்பீடியாவோ, தான் ஆரூடம் சொல்லும் இடமன்று என்பதைக் கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறது. தொலைக்காட்சி நிறுவனமோ ஒன்றியமோ அறிவித்து, அது நம்பத்தக்க ஊடகத்தில் வெளிவரும் வரை ஒரு நாட்டின் பெயரைப் பட்டியலில் சேர்க்க முடியாது. அவ்வாறே தனக்குப் பிடித்த பாட்டுக்கு அநீதி நடந்துவிட்டது என்று எழுதவும் முடியாது. அப்படி ஒரு விமர்சகர் எழுதியிருந்தால் அவர் பெயரைச் சொல்லி, அவர் எழுதினார் என்று மட்டும் எழுதலாம். நெஞ்சு முழுக்க ஆசை இருந்தும் வாயைக் கட்டிக்கொண்டு சமைப்பது போன்றது இது.

இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு கடினமானது என்பதை 2019ஆம் ஆண்டுப் போட்டி காட்டியது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

அந்த ஆண்டு டெல் அவிவ் நகரில் மே 18ஆம் நாள் இறுதிச் சுற்று நடந்தது. பெலருஸ் நாட்டு நடுவர்கள் தாங்கள் அரையிறுதியில் யாருக்கு வாக்களித்தோம் என்பதை முன்னதாகவே வெளியில் சொல்லிவிட்டதால், இறுதிச் சுற்றில் வாக்களிப்பதிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களுடைய இடத்தில், ஒத்த வாக்களிப்புப் போக்குள்ள வேறு சில நாடுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு மாற்று முடிவு பயன்படுத்தப்பட்டது. அன்றிரவு பெலருஸின் 12 புள்ளிகள் இஸ்ரேலுக்குச் சென்றன. வேறெந்த நாட்டு நடுவரும் இஸ்ரேலுக்கு ஒரு புள்ளிகூட வழங்கியிருக்கவில்லை. கணக்குப் பார்த்துப் பழகிய ரசிகர் ஒருவருக்கு இது உறுத்தியது. ஒத்த போக்குள்ள எந்த நாடும் ஒரு புள்ளியும் தராத பாட்டுக்கு, அந்த நாடுகளின் கூட்டுத்தொகை எவ்வாறு முதலிடம் தரும்? பட்டியல் தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டது, கடைசி இடங்களில் இருந்தவற்றுக்குப் புள்ளிகள் போய்விட்டன என்று அவர் இணையத்தில் விளக்கினார். பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்த எவரும் அதைச் சரிபார்த்திருக்கலாம்.

இப்போது கலைக்களஞ்சியத் தொகுப்பாளரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அட்டவணையில் இருக்கும் எண் தவறு என்பதற்கு வலுவான காரணம் அவர் கண்முன்னே இருக்கிறது. ஆனால் ஒன்றியத்தின் அதிகாரபூர்வ முடிவு அந்தத் தவறான எண்தான். சொந்த ஆய்வை எழுதக் கூடாது என்பது விக்கிப்பீடியாவின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஆகவே விதிப்படி பக்கத்தில் இருக்க வேண்டியது தவறான எண்ணே. நான்கு நாள் கழித்து, மே 22ஆம் நாள், மனிதத் தவறு நேர்ந்துவிட்டது என்று ஒன்றியம் ஒப்புக்கொண்டு திருத்திய முடிவை வெளியிட்டது. வெற்றி பெற்ற நெதர்லாந்தின் 492 புள்ளிகள் 498 ஆயின. இஸ்ரேலின் 47 புள்ளிகள் 35 ஆகக் குறைந்தன. கடைசி இடத்தில் இருந்த பிரிட்டனின் 16 புள்ளிகளும் 11 ஆகின. ஸ்வீடன் ஆறாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு ஏறி நார்வே ஓரிடம் இறங்கியது. நடுவர் வாக்கில் முதலிடம் ஸ்வீடனுக்கு என்று இருந்தது வடமாசிடோனியாவுக்கு மாறியது. ஒரே ஒரு நிரல் மாறியதால் எத்தனை கட்டுரைகளைத் திறந்து திருத்த வேண்டியிருந்திருக்கும் என்று, ஆலமரத்தின் விழுதுகளைப் பற்றி நான் முன்னர் சொன்னதை நினைவில் வைத்திருக்கும் நேயர்கள் தாமே ஊகிக்கலாம்.

அந்த நான்கு நாட்கள் விக்கிப்பீடியா தவறைச் சுமந்தது சரியா என்று என்னிடம் கேட்டால், சரிதான் என்பேன். உண்மையைக் கண்டுபிடித்த ரசிகர் ஒருவர் என்றால், கண்டுபிடித்துவிட்டதாக நம்பும் ரசிகர்கள் நூறு பேர். அந்த நூற்றொரு பேரையும் பிரித்தறியும் அளவுகோல், பெயர் தெரியாத ஒருவர் விடியற்காலையில் திறந்து வைத்திருக்கும் தொகுப்புப் பெட்டிக்குள் இல்லை. ஆயினும் இது எனக்கு முழுமையான ஆறுதலைத் தரவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

தமிழில் இந்தப் பொருளை எழுதப் புகும்போது சிக்கல்கள் வேறு உருவம் எடுக்கின்றன. பெயர்களில் தொடங்கும். 2023இல் இரண்டாம் இடம் பெற்ற பின்லாந்துப் பாடகரின் பெயரை ஆங்கில எழுத்துகளைப் பார்த்து ஒலித்தால் 'காரிஜா' என்று எழுதத் தோன்றும். அவருடைய மொழியில் அந்தக் கடைசி மெய்யெழுத்துக்கு யகர ஒலி. பெயரின் முதல் அசையிலும் கடைசி அசையிலும் வரும் உயிரோ ஆகாரமும் அன்று, ஏகாரமும் அன்று, இரண்டுக்கும் நடுவில் நிற்பது. ஒரே சொல்லை ஒருவர் 'பாங்க்' என்றும் இன்னொருவர் 'பேங்க்' என்றும் எழுதிவரும் நமக்கு அந்த நடுவொலி புதிதன்று. அதற்கு எழுத்துதான் இல்லை. 'கேரியா' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால், போட்டியின் பெயரிலேயே கிரந்த எழுத்து வரலாமா, 'யூரோவிசன்' என்று எழுதினால் ஆகாதா என்ற கேள்வி காத்திருக்கும். ஆலமரத்தடி என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் பொது உரையாடல் பக்கத்தில் கிரந்தத்தைப் பற்றிய விவாதம் தொடங்கினால், அதன் பிறகு பாட்டுப் போட்டியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

ஆனால் ஓரிடத்தில் தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. 2024இல் ஸ்வீடனின் மால்மோ நகரில் சுவிட்சர்லாந்தின் நீமோ 591 புள்ளிகளுடன் வென்றார். ஆண், பெண் என்ற இருபாலுக்குள்ளும் தம்மை அடக்கிக்கொள்ளாத ஒருவர் இப்போட்டியில் வென்றது அதுவே முதல்முறை. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் ஒருவரைச் சுட்டப் பன்மைச் சொல்லைக் கையாள வேண்டும். வாசகர் ஒரு பாடகரைப் பற்றிப் படிக்கிறோமா ஒரு குழுவைப் பற்றிப் படிக்கிறோமா என்று குழம்பாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். நமக்கோ 'அவர்' என்ற சொல் பாட்டன் காலத்துச் சொத்து. நீமோ பாடினார், வென்றார், கோப்பையை உயர்த்தினார் என்று எழுதிக்கொண்டே போகலாம். எந்த இடத்திலும் தட்டாது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பட்டியலில் மற்றவர்களுக்குப் 'பாடகி' என்று போட்டுப் பழகிய கை, இங்கே பழக்கத்தில் எதையாவது சேர்த்துவிடக் கூடாது.

அதே 2024ஆம் ஆண்டில்தான் இன்னொரு சோதனையும் வந்தது. இறுதிச் சுற்று நடக்கவிருந்த நாளிலேயே நெதர்லாந்தின் பாடகர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். தயாரிப்புக் குழுவைச் சேர்ந்த பெண் ஒருவர் அளித்த புகாரின்பேரில் ஸ்வீடன் காவல்துறை விசாரித்துக்கொண்டிருந்தது. வாழும் மனிதர்களைப் பற்றி எழுதும்போது, சான்று வலுவில்லாத பழிச்சொல்லை விவாதித்துக்கொண்டிராமல் உடனே நீக்க வேண்டும் என்பது விக்கிப்பீடியாவின் கண்டிப்பான விதி. என்ன நடந்தது என்று சமூக ஊடகங்களில் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்த அந்த வேளையில், ஒன்றியம் என்ன அறிவித்தது, காவல்துறை என்ன சொன்னது என்பவற்றோடு பக்கம் நின்றுவிட வேண்டும். ஆகஸ்ட் மாதம் போதிய ஆதாரம் இல்லை என்று அரசு வழக்கறிஞர் வழக்கை முடித்துக்கொண்டார். மே மாதத்துப் பரபரப்பில் எழுத வந்தவர்கள் கலைந்துவிட்ட நிலையில், அந்த ஒற்றை வரியை மறக்காமல் சேர்ப்பவரே என் கணக்கில் நல்ல தொகுப்பாளர்.

தகுதி நீக்கம் நடந்த நேரத்தில் பாடும் வரிசை ஏற்கெனவே முடிவாகியிருந்தது. நெதர்லாந்துக்கு ஒதுக்கப்பட்டது ஐந்தாம் எண். ஒன்றியம் பிற நாடுகளின் எண்களை மாற்றாமல் அந்த எண்ணை வெறுமையாக விட்டுவிட்டது. இருபத்தைந்து பாட்டுகள் மேடையேறின. வரிசை எண்களோ 26 வரை போயின. இந்த அட்டவணையை நான் தமிழில் மணல்தொட்டி எனப்படும் என் பயிற்சிப் பக்கத்தில் உருவாக்கிவந்தபோது, வழியோடு வந்த பயனர் ஒருவர், நான்குக்கு அடுத்து ஆறு இருப்பதைக் கண்டு என் கவனக்குறைவு என்று எண்ணி, ஆறை ஐந்தாக்கி, ஏழை ஆறாக்கி, கடைசி வரை பொறுமையாகத் திருத்தி வைத்திருந்தார். இருபத்தொரு எண்கள். தொகுப்புச் சுருக்கத்தில் 'எண் வரிசை சீர் செய்யப்பட்டது' என்ற குறிப்பு வேறு. நான் அவர் செய்ததை நீக்கிப் பழைய எண்களை மீட்டெடுத்து, நான்காம் நிரைக்குக் கீழே ஓர் அடிக்குறிப்பும் இட்டு, அவருடைய பேச்சுப் பக்கத்தில் காரணத்தை எழுதினேன். பதில் வரவில்லை. மறுநாள் பக்கத்தின் வரலாற்றைத் திறந்தபோது அவர் மறுபடியும் வந்து போயிருந்தார். என் அடிக்குறிப்பில் விடுபட்டிருந்த ஒற்றெழுத்து ஒன்றைச் சேர்த்திருந்தார்.

வணக்கம்.