மூக்கைப் பொத்த வைக்கும் மூச்சு

வணக்கம் நேயர்களே. வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்தை ரயிலில் கடந்திருப்பீர்கள், மூக்கையும் பொத்தியிருப்பீர்கள். அந்த அழுகிய முட்டை நாற்றத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். யாரையும் திட்டுவதற்கல்ல; அதற்கு வேறு நிகழ்ச்சி இருக்கிறது.

குப்பை அழுகுவதால் நாறுகிறது என்போம். அது பாதிதான் உண்மை. சேற்றுக்கு அடியில் ஒட்சிசன் கிடையாது. அங்கே வாழும் சில பற்றீரியாக்கள் சல்பேற்றை, அதாவது கந்தகமும் ஒட்சிசனும் சேர்ந்த ஒரு பொருளை, சுவாசிக்கின்றன. ஆம், சுவாசிக்கின்றன என்றுதான் சொன்னேன். உணவிலிருந்து பெறும் இலத்திரன்களை நாம் ஒட்சிசனிடம் ஒப்படைக்கிறோம், நீர் உண்டாகிறது. அவை சல்பேற்றிடம் ஒப்படைக்கின்றன. ஐதரசன் சல்பைட் என்ற கந்தக வாயு உண்டாகிறது. நாறுவது அந்த வாயுதான். சல்பேற்றுக்குக் குறைவா? ஒரு லீற்றர் கடல்நீரிலேயே ஏறத்தாழ 2.7 கிராம் இருக்கிறது. அதே வாயு சேற்றிலுள்ள இரும்புடன் சேர்வதால்தான் கால்வாய்ச் சேறு அவ்வளவு கறுப்பு.

கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் ஒருமுறை பழைய கழிவுநீர்க் குழாயின் துண்டொன்றைக் கொண்டுவந்தார். நகத்தால் சுரண்டினேன், கொங்கிரீட் வெண்பசையாக வழிந்து வந்தது. "அழுக்கு ஓடுவது அடியில்தானே சேர், கூரை ஏன் அரிக்கிறது?" என்றார். அருமையான கேள்வி! அடியில் உள்ள வழும்பில் சல்பேற்றைச் சுவாசிப்பவை வாயுவை விடுகின்றன. அது மேலே போய் ஈரமான கூரையில் படிகிறது. அங்கே காற்று உண்டு, வேறு பற்றீரியாக்களும் உண்டு. கீழே இருப்பவற்றின் கழிவு மேலே இருப்பவற்றுக்கு உணவு. தின்றுவிட்டு அவை வெளியிடுவது சல்பூரிக் அமிலம். அமிலம் கொங்கிரீட்டை ஜிப்சம் என்ற மென்மையான பொருளாக்கிவிடுகிறது. மெல்பேர்ன் நகரக் குழாய்களில் பார்க்கர் என்பவர் 1945இல் இதைக் காட்டினார். கந்தகச் சேர்வையை உண்டும் ஓர் உயிர் பிழைக்கும் என்று நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி 1887இலேயே எழுதியிருந்தார். மறுபடியும் சொல்கிறேன்: அடியில் ஒரு கூட்டம், கூரையில் ஒரு கூட்டம், இடையில் போய் வருவது ஒரே கந்தகம்.

தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஆளுக்கொரு தொழில் என்றே சொல்லி வந்தேன்; ஒரே பற்றீரியா தொழில் மாற்றுவதும் உண்டு. நம் குடலில் வாழும் ஈ.கோலை ஒட்சிசன் இருந்தால் அதையே எடுக்கும், இல்லாவிட்டால் நைத்திரேற்று, அதுவும் இல்லையென்றால் நொதித்தல். பாரிஸில் மொனோ என்பவர் அதற்குக் குளுக்கோசையும் பாற்சீனியான லக்ரோசையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். குளுக்கோசு தீரும்வரை மற்றதை அது தொடவில்லை. தீர்ந்ததும் சற்றே நின்று, தேவையான நொதியங்களை ஆக்கிக்கொண்டு, பிறகுதான் லக்ரோசுக்குப் போனது. அந்த இடைவெளியை ஆராயப் புறப்பட்டவர் 1965இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இப்படித் தொழில் மாற்றும் ஆளி, அதாவது சுவிட்ச், பற்றீரியாவுக்குள்ளே எப்படி வேலை செய்கிறது என்று சொல்லவே கால் மணி நேரம் வேண்டும். இன்னொரு நாள் அழைத்தால் வருகிறேன். நன்றி, வணக்கம்.