பங்குக் கிணறும் காபன் வரியும்

நேயர்களுக்கு வணக்கம். அவுஸ்திரேலியாவின் உமிழ்வு வர்த்தகத் திட்டத்தில் எந்தக் கட்சி எந்தப் பக்கம் நின்றது என்று பேச அழைத்திருக்கிறார்கள். அதற்கு முன் உங்களை யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றடிக்கு ஒருமுறை கூட்டிப் போக வேண்டும். கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

எங்களுடையது பங்குக் கிணறு. ஐந்து குடும்பங்களுக்கு முறை வைத்து இறைப்பு. வெங்காயம் கிண்டி முடித்த வீட்டுக்குத் தண்ணீர் மிஞ்சும். புகையிலை நட்டவருக்குப் போதாது. மிஞ்சியவர் தன் முறையை மற்றவருக்குக் கொடுப்பார். சும்மா அல்ல, ஒரு நாள் வேலைக்கோ கொஞ்சம் காசுக்கோ. யார் யாருக்கு விற்றாலும் கிணற்றிலிருந்து போகும் மொத்தத் தண்ணீர் அதே அளவுதான். துலா போய் மெசின் வந்ததும் ஒருவர் இரவில் களவாக இறைத்தார். எங்கள் ஊர் சுண்ணக்கல் தரை, அளவு மிஞ்சினால் கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் மேலே வந்துவிடும். அந்த வருடம் கிணறு உவர்த்தது. அப்பு அந்த மனிதரோடு சாகும்வரை பேசவில்லை. நல்லது கெட்டதுக்குக்கூட அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை.

உமிழ்வு வர்த்தகம் என்பது இதுதான். தண்ணீருக்குப் பதில் புகை. நாடு முழுவதும் விடக்கூடிய காபனுக்கு ஓர் எல்லை. அதற்குள் ஆலைகளுக்கு முறை. மிஞ்சிய முறையை விற்கலாம். சண்டையும் கிணற்றடியில் வரும் அதே இரண்டுதான். மொத்தம் எவ்வளவு இறைக்கலாம்? யாருக்கு இலவச முறை? கிணற்றை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவேன்.

2007ஆம் ஆண்டுத் தேர்தலில் இரு பெரிய பக்கமும் இந்தத் திட்டத்தைத்தான் வாக்குறுதியாகக் கொடுத்தன. ஆமாம், லிபரல் கட்சியின் ஜோன் ஹவார்டும் கொடுத்தார். இதை நான் சொன்னால் இளைய பிள்ளைகள் நம்புவதில்லை. வென்றது தொழிற்கட்சியின் கெவின் ரட். 2000ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2020க்குள் குறைந்தது 5 வீதம் குறைப்பது என்றார். எதிர்க்கட்சித் தலைவர் மல்கம் டேர்ன்புல், பெரிய ஆலைகளுக்கு இன்னும் சலுகை வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்டார். லிபரலோடு கூட்டணியில் இருந்த தேசியக் கட்சிக்காரருக்கு அடியோடு பிடிக்கவில்லை. ஓர் ஆட்டிறைச்சி ரோஸ்ட் 100 டொலர் ஆகும் என்றார் பார்னபி ஜோய்ஸ். எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி வாங்கும்போதெல்லாம் இன்றைக்கும் இந்தப் பகிடி உண்டு.

2009 டிசம்பர் 1 அன்று லிபரல் கட்சிக்குள் தலைமைக்கு வாக்கெடுப்பு. டோனி அபொட்டுக்கு 42, டேர்ன்புல்லுக்கு 41. ஒரே ஒரு வாக்கு! மறுநாளே செனட் சபையில் திட்டம் 33க்கு 41 என்று தோற்றது. இரண்டு லிபரல் செனட்டர்கள் கட்சியை மீறி ஆதரித்தார்கள். பசுமைக் கட்சியின் ஐவர் எதிர்த்தார்கள். அவர்கள் மட்டும் மாறி வாக்களித்திருந்தால் திட்டம் நிறைவேறியிருக்கும். எல்லை மிகத் தளர்வு, மாசுபடுத்துபவருக்கே இலவச முறை என்பது அவர்களுடைய நியாயம். பொய்யான நியாயம் அல்ல. ஆனால் என் அப்புவைக் கேட்டால், முறையே இல்லாத கிணற்றைவிட முறை பிசகிய கிணறு பரவாயில்லை என்றிருப்பார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன், பசுமைக் கட்சி நண்பர்கள் கோபித்தாலும்.

அடுத்தது ஒரு சொல்லின் கதை. 2010இல், ரட்டுக்குப் பின் பிரதமரான தொழிற்கட்சியின் ஜூலியா கிலார்ட், தன் ஆட்சியில் காபன் வரி இராது என்றார். தேர்தலில் இரு பக்கத்துக்கும் 72, 72 ஆசனங்கள். பசுமைக் கட்சியின் ஆதரவும் சுயேச்சைகளின் ஆதரவும் தேவைப்பட்டன. 2012 ஜூலை 1இல் கிலார்டின் திட்டம் தொடங்கியது. முதல் மூன்று ஆண்டுகளுக்கு அரசு வைக்கும் நிலையான விலை, தொடக்கத்தில் தொன்னுக்கு 23 டொலர், பிறகுதான் சந்தை. விலை நிலையாக இருந்ததால் வரி என்று கூப்பிட்டார்கள், அவரும் மறுக்கவில்லை. அங்கே விழுந்தார். வருமான வரி விலக்கு எல்லையை 6,000 டொலரிலிருந்து 18,200க்கு உயர்த்தி ஈடு கொடுத்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? எங்கள் பகுதிக் கடையில் இடியப்ப விலை கூடியதற்குக்கூட காபன் வரியைத்தான் காட்டினார்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை: காலநிலையும் காப்பாற்றப்பட வேண்டும், பில்லும் கூடக் கூடாது. அபொட் அந்த ஆசையைப் புரிந்துகொண்டு 'வரி' என்ற ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் ஆட்சிக்கு வந்தபின், 2014 ஜூலை 17இல் சட்டம் ரத்தானது. 2017இல், அவருடைய அலுவலகத்தின் முன்னாள் தலைவி பெட்டா கிரெட்லினே, அது உண்மையில் காபன் வரி அல்ல என்று தொலைக்காட்சியில் சொன்னார்.

கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம் என்று. பிறகு நடந்ததை விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். சுருக்குகிறேன். அபொட் 2.55 பில்லியன் டொலர் நிதி வைத்து, உமிழ்வைக் குறைப்பவருக்கு அரசே காசு கொடுக்கும் முறைக்குப் போனார். கூடவே பெரிய ஆலைகளுக்கு ஓர் உச்ச அளவும் 2016இல் நடைமுறைக்கு வந்தது. அதையே தொழிற்கட்சி 2023இல் இறுக்கியது: ஆண்டுக்கு 4.9 வீதம் குறைய வேண்டும், அளவுக்குக் கீழே நின்றவர் மிச்சத்தை மற்றவருக்கு விற்கலாம். லிபரல், தேசியக் கட்சிகள் எதிர்த்தன. இந்த முறை பசுமைக் கட்சி பேரம் பேசிவிட்டு ஆதரித்து வாக்களித்தது. கிணற்றுக்குத் திரும்ப வருவேன் என்றேன் அல்லவா, அதற்குத்தான்... சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.