காது கேளாத இளையோரும் மனநல உதவியும்: விளக்க வீடியோ

(படப்பிடிப்புக் குறிப்பு: சைகை மொழியில் சொல்பவர் திரையின் வலப்பக்கம், இடுப்புக்கு மேல் முழுதாகத் தெரிய வேண்டும். மூலையில் பொட்டு மாதிரி வைக்க வேண்டாம். வசன வரிகள் கடைசி வரை ஓடட்டும்.)

[காட்சி: சாப்பாட்டு மேசை. எல்லாரும் பேசிச் சிரிக்கிறார்கள். ஒரு பெண் மட்டும் முகம் முகமாகப் பார்க்கிறாள். ஒலி கிடையாது.]

குரல்: என்ன நகைச்சுவை என்று உங்களுக்குத் தெரியவில்லை, இல்லையா? அவளுக்கும் தெரியாது. பக்கத்தில் இருப்பவரைத் தட்டிக் கேட்கிறாள். "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்கிறார். அந்த அப்புறம் பெரும்பாலும் வருவதில்லை.

காது கேளாத குழந்தைகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். பாசத்துக்குக் குறைவிருக்காது. ஆனால் வீட்டில் சைகை மொழி தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம்.

இதில் இழப்பது நகைச்சுவையை மட்டுமல்ல. காது கேட்கும் குழந்தை, பெரியவர்கள் சண்டை போட்டுச் சமாதானம் ஆவதை, அம்மா போனில் அழுதுவிட்டுத் தேறுவதை, தன்னிடம் சொல்லப்படாமலேயே ஒட்டுக்கேட்டுக் கற்றுக்கொள்கிறது. மனத்தில் நடப்பதற்குப் பெயர் வைக்க அங்கேதான் பழகுகிறது. அந்த வாய்ப்பு இல்லாமல் வளர்ந்த பிள்ளையிடம் பதினைந்து வயதில் "உனக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டால், "கோபம்", "சோகம்" என்பதோடு பேச்சு நின்றுவிடலாம். மனச்சோர்வும் பதற்றமும் இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதற்குக் காதைக் காரணம் சொல்வது சுலபம். சுற்றியிருப்பவர்களோடு தடையில்லாமல் பேச முடிகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

[காட்சி: பழைய வகுப்பறை. மேசைமேல் கட்டிவைத்த கைகள்.]

குரல்: கொஞ்சம் வரலாறு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாத குழந்தைகளுக்கு வாய்ப்பேச்சு வழியாகத்தான் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. பல நாடுகளில் சைகை மொழி வகுப்பறையை விட்டு வெளியேற்றப்பட்டது. அதே மாநாட்டு வரிசை, 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடியபோதுதான் அதற்கு வருத்தம் தெரிவித்தது. 130 ஆண்டுகள்! எத்தனை தலைமுறை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

[காட்சி: ஒலியில்லாமல் அசையும் உதடுகள், நெருக்கத்தில்.]

குரல்: "காது கேட்கும் கருவி இருக்கிறதே, உதட்டைப் பார்த்தும் புரிந்துகொள்கிறானே" என்பவர்களுக்கு ஒரு சோதனை. கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் "பணம்", "மணம்" என்று சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையும். நாள் முழுக்க இப்படி ஊகித்துக்கொண்டே இருந்தவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தால், அது பெரும்பாலும் வெறும் களைப்பு. பிடித்த நண்பர்களோடு வீடியோவில் பேசுவதையும் வாரக்கணக்கில் நிறுத்திவிட்டார் என்றால், அப்போது விசாரியுங்கள்.

[காட்சி: ஆலோசனை அறை. இளைஞன், அம்மா, ஆலோசகர்.]

குரல்: சரி, உதவி தேடிப் போகிறார்கள். நேரம் வாங்கவே போன் செய்ய வேண்டும் என்றால் முதல் கதவே மூடியாயிற்று. அதைத் தாண்டினாலும், மொழிபெயர்க்க அம்மா உட்கார்ந்திருக்கிறார். "சாகணும் போல இருக்கு" என்பதை அம்மாவின் வாய் வழியாக எந்தப் பிள்ளை சொல்லும்?

எழுதிக் காட்டச் சொல்வதும் எப்போதும் சரிவராது. சைகை மொழியில் வளர்ந்த பலருக்கு எழுத்து மொழி இரண்டாவது மொழி. இன்னொரு ஆபத்தும் உண்டு. சைகை மொழியில் புருவம், கண், வாய் எல்லாம் இலக்கணத்தின் பகுதி. பழக்கமில்லாத ஆலோசகர் அதைப் படபடப்பு என்றோ ஆத்திரம் என்றோ குறித்துக்கொள்ளக்கூடும்.

சைகை மொழியிலேயே நேரடியாகப் பேசக்கூடிய ஆலோசகர் கிடைத்தால் நல்லது. அவரும் காது கேளாதவராக இருந்தால் இன்னும் நல்லது. இங்கிலாந்தில் காது கேளாத சிறுவர், இளையோருக்கென்றே அரசு மருத்துவ அமைப்பில் தனி மனநலக் குழுக்கள் இருக்கின்றன. அப்படி இல்லாத இடங்களில், தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ஆலோசகருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். பேச்சும் பார்வையும் இளைஞரை நோக்கியே இருக்கட்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி யாரும் உட்கார வேண்டாம், முகம் இருட்டாகிவிடும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. தனியே விடாதீர்கள். உதவி எண்ணைக் கையில் கொடுத்து அனுப்பாமல், அவசர உதவிக்கு நீங்களே கூடப் போங்கள்.

[காட்சி: சைகை மொழியில் சொல்பவர் திரை முழுக்க.]

குரல்: இது காது கேளாத இளையோருக்கு. உங்கள் வட்டாரத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் சில பேர்தான் இருப்பார்கள். வருபவர் உங்கள் பள்ளிக்கு வந்தவராகவோ குடும்பத்துக்குத் தெரிந்தவராகவோ இருக்கலாம். யார் வரப்போகிறார் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஆண் வேண்டுமா பெண் வேண்டுமா என்பதையும் நீங்கள் சொல்லலாம். இங்கே பேசுவது வெளியே போகாது என்பதை அவரும் ஆலோசகரும் முதலிலேயே உங்களிடம் உறுதி சொல்ல வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைக் கேளுங்கள், அறைக்குள் போன பிறகும் கேட்கலாம்.