முயல் இல்லாத பாட்டு

அவையோர்களே! ‘ஹவுண்ட் டாக்’ (வேட்டை நாய்) என்ற பாட்டு என்றதும் உங்களில் பலருக்கு அமெரிக்க ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் குரல்தான் நினைவுக்கு வரும். ஒரு முயலைக்கூடப் பிடிக்காத நாயைப் பற்றி அவர் பாடுவார். மூலப் பாட்டில் அந்த முயலே கிடையாது. அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1952 ஆகஸ்ட் 13, லாஸ் ஏஞ்சலஸ் நகரம். அன்றுதான் மூலப் பாட்டு பதிவானது. பாடியவர் அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பெண் வில்லி மே தார்ன்டன். ‘பிக் மாமா’ என்றால்தான் ஊருக்குத் தெரியும். எழுதியவர்கள் ஜெர்ரி லீபரும் மைக் ஸ்டோலரும். இருவருக்கும் வயது 19. தார்ன்டன் பாடுவதைக் கேட்டு, அவரது உறுமல் குரலுக்கென்றே சில நிமிடங்களில் எழுதினார்கள்.

அங்கே நாய் என்பது நாயே அல்ல. ஒரு பெண், அவளுடைய உழைப்பில் உண்டுவிட்டு மறுபடியும் வாசலை மோப்பம் பிடித்து வரும் ஆணை விரட்டுகிறாள். இனி உனக்கு இங்கே சோறு இல்லை என்கிறாள். கெஞ்சல் இல்லை, கண்ணீர் இல்லை. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. 1953இல் வெளிவந்த அந்த இசைத்தட்டு, கறுப்பினத்தவரின் இசையான ரிதம் அண்டு புளூஸ் விற்பனைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. தமக்குக் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று தார்ன்டன் பின்னாளில் சொன்னார்.

பிறகு ஃபிரெடி பெல் என்பவரின் குழு வரிகளை மாற்றியது. வாசலும் சோறும் போயின, முயல் வந்தது. லாஸ் வேகஸில் அவர்கள் பாடியதைக் கேட்டுத்தான் எல்விஸ் எடுத்துக்கொண்டார். 1956 ஜூலை 1 அன்று தொலைக்காட்சியில் அவரை ஒரு நிஜ நாயின் முன் நிறுத்திப் பாட வைத்தார்கள். மறுநாளே நியூயார்க்கில் ஒலிப்பதிவு. 31 முறை பாடினார். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். டி. ஜே. ஃபொன்டானாவின் டிரம்ஸ் இன்றும் அதிர வைக்கிறது. ஆனால் விரட்டிய பெண் எங்கே? நாய் மட்டும்தானே மிஞ்சியது?

தார்ன்டன் 1984இல் மறைந்தார். ராக் அண்டு ரோல் புகழரங்கம் அவரை ஏற்றுக்கொண்டது 2024இல்தான்.

இப்போது அந்த 1952ஆம் ஆண்டுப் பதிவை ஒலிக்கச் செய்கிறோம். பீட் லூயிஸின் கித்தார் தார்ன்டனுக்கு மறுமொழி சொல்வதைக் கவனியுங்கள். முடிவில் வாத்தியக்காரர்கள் எல்லோரும் நாய்களாகக் குரைத்து ஊளையிடுவார்கள். அதுவரை எழுந்து போகாதீர்கள்.