டிசம்பர் 1 எப்படி உலக எய்ட்ஸ் தினம் ஆனது?

வணக்கம் நண்பர்களே. டிசம்பர் 1 வந்தால் மருத்துவமனை வாசலில் பேனர் கட்டுகிறார்கள், அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கிறார்கள், மாணவர்கள் பேரணி போகிறார்கள். அந்தத் தேதி எப்படி வந்தது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது, ஏனென்றால் அவ்வளவு யோசித்து வைத்த தேதி அது.

1987 ஆகஸ்ட், ஜெனீவா. உலக சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் திட்டத்தில் ஜேம்ஸ் பன், தாமஸ் நெட்டர் என்று இரண்டு தகவல் அதிகாரிகள். பன் அமெரிக்காவில் தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்தவர். பத்திரிகைகளில் எப்போது இடம் கிடைக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. 1988 நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தல்; அது ஓயும்வரை வேறு செய்தி எடுபடாது. டிசம்பர் பாதியைத் தாண்டினால் கிறிஸ்துமஸ் வந்துவிடும். இடையில் கிடைத்த இடைவெளிதான் டிசம்பர் 1. திட்டத்தின் இயக்குநர் ஜொனாதன் மான் சம்மதித்தார். 1988-இல் முதல் உலக எய்ட்ஸ் தினம் நடந்தது.

இந்த மானைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நோயாளிகளை ஒதுக்கினால் அவர்கள் பரிசோதனைக்கே வராமல் ஒளிந்துகொள்வார்கள், நோய்தான் பரவும் என்று ஓயாமல் வாதாடிய மருத்துவர் அவர். மனித உரிமையையும் பொது சுகாதாரத்தையும் பிரிக்க முடியாது என்பதில் உறுதியாக நின்றார். 1998-இல் விமான விபத்தில் மனைவியோடு இறந்துபோனார்.

இந்த வரலாற்றில் சென்னைக்கும் இடமுண்டு. முதல் எய்ட்ஸ் தினத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1986-இல், இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. (எய்ட்ஸை உண்டாக்கும் கிருமி) தொற்று இங்கே எடுத்த ரத்த மாதிரிகளில்தான் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் ஆய்வு செய்த மாணவி நிர்மலா, பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். வைக்க இடமில்லாமல் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். பிறகு ஐஸ் பெட்டியில் அடுக்கி, ரயிலேறி, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுபோனார். இந்தியாவில் இந்த நோய் வராது என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலம். அந்தப் பெண்ணின் துணிச்சலை நம் பாடப்புத்தகங்களில் எழுத வேண்டும்.

இப்போது இதைப் பாருங்கள், எய்ட்ஸ் விழிப்புணர்வின் அடையாளமான சிவப்பு ரிப்பன். ஆறு அங்குலம் வெட்டி, நடுவில் மடித்து, முனைகளைக் குறுக்காகப் போட்டு, ஊக்கால் சட்டையில் குத்தினால் முடிந்தது. 1991-இல் நியூயார்க்கில் விஷுவல் எய்ட்ஸ் என்ற கலைஞர் குழு இதை உருவாக்கியது. வளைகுடாப் போர் வீரர்களுக்காக ஊரெங்கும் கட்டியிருந்த மஞ்சள் ரிப்பனைப் பார்த்து வந்த யோசனை. வடிவமைத்தவர் இன்னார் என்று தனிப்பெயர் சொல்லவில்லை, காப்புரிமையும் கோரவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அதனால்தான் உலகம் முழுக்கப் பரவியது.

1996-இல் ஐ.நா.வின் யுஎன்எய்ட்ஸ் அமைப்பு இந்த நாளின் பொறுப்பை ஏற்றது. மான் வாதாடியதை நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் எழுத்தில் வைத்திருக்கிறது: தொற்று இருக்கிறது என்பதற்காக வேலை, படிப்பு, சிகிச்சை, வாடகை வீடு எதிலும் பாகுபாடு காட்டக் கூடாது, சம்மதமில்லாமல் பரிசோதிக்கக் கூடாது. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், முடிவு ரகசியமாக இருக்கும். தயக்கமிருந்தால் முதலில் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். அந்த அழைப்புக்கும் கட்டணமில்லை.