கறுப்புப் புகை கக்கும் கடலடி ஊற்றுகள்

நேயர்களுக்கு வணக்கம். வெந்நீரூற்று என்றதும் கொழும்பில் இருக்கும் நமக்குத் திருகோணமலைக் கன்னியாதான் நினைவுக்கு வரும். அங்கே வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்ளாதவர்கள் நம்மில் குறைவு. இன்று நான் பேசவிருக்கும் ஊற்றிலோ கைவைக்கவும் முடியாது. சூடு 350 பாகை செல்சியஸைத் தாண்டும். ஆனாலும் கொதிப்பதில்லை, மேலே இரண்டரைக் கிலோமீற்றர் கடல் அழுத்திக்கொண்டிருக்கிறது.

1977இல் அல்வின் என்ற ஆய்வு நீர்மூழ்கி கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே இளஞ்சூடான ஊற்றுகளைக் கண்டது. 1979இல் மெக்சிக்கோவுக்கு அப்பால் கரும்புகை விடும் கூம்புகள் தென்பட்டன. அங்கே நீட்டிய வெப்பமானியின் பிளாஸ்டிக் தண்டு உருகிப்போனது.

இந்த நீர் எரிமலை சுரந்ததல்ல, கடல்நீரேதான். பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி, கற்குழம்பின் அருகே சூடேறித் திரும்புகிறது. போன நீர் வேறு, வந்த நீர் வேறு. கடல்நீரில் தாராளமாக இருக்கும் மகனீசியத்தைப் பாறை ஏறத்தாழ முழுவதுமாகப் பறித்துக்கொள்கிறது. மகனீசியம், நீரின் காரப்பகுதியான ஐதரொட்சைட்டையும் கூட்டிக்கொண்டு கனிமமாகிவிட, மிஞ்சிய நீர் அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையிலிருந்து இரும்பையும் செப்பையும் நாகத்தையும் கரைத்தெடுக்கிறது. ஐதரசன் சல்பைட்டும் சேர்கிறது. ஆகவே, எடுத்துவந்த மாதிரியில் ஆய்வாளர் தேடுவது மகனீசியத்தைத்தான். இருந்தால், பக்கத்துக் கடல்நீர் போத்தலுக்குள் கலந்துவிட்டது என்று பொருள். இல்லாததைக் கொண்டு தூய்மையைக் கணிக்கும் இந்தச் சாமர்த்தியம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

வெளியே வந்த நீர் 2 பாகைக் குளிர்நீரைத் தொட்டதும், உலோகங்கள் நுண்ணிய சல்பைட்டுத் துகள்களாகப் பிரிந்து விழுகின்றன. அதுதான் அந்தக் கரும்புகை. கூம்பின் சுவரை முதலில் எழுப்புவது கல்சியம் சல்பேற்று. சூடேறச் சூடேறக் கரைய மறுக்கும் பொருள் அது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீரைக் காய்ச்சும் கேத்தலில் வெள்ளைப் படிவு ஏறுமே, அதுபோல. பிறகு உட்புறத்தில் செப்புக் கனிமம் பொன்னிறமாகப் படிகிறது. ஊற்று அடங்கிக் குளிர்ந்தாலோ சல்பேற்று மீண்டும் கரைந்து, கூம்பு பலமிழக்கும்.

நமது இந்து சமுத்திரத்திலும் இவை உண்டு. மொரீசியசுக்குத் தென்கிழக்கே, கைரே என்ற ஊற்றுக்களத்தில், இரும்புச் சல்பைட்டுச் செதிள்களைக் காலில் போர்த்திய நத்தையொன்று 2001இல் அகப்பட்டது. சொலிட்டயர் என்ற இன்னொரு களத்தில் அதே இனம் வெள்ளை நிறத்தில் வாழ்கிறது. அங்குள்ள ஊற்றுநீரில் இரும்பு மிகக் குறைவு.